தற்காலக் கலையில் கென்டே நெசவு

கென்டே என்பது மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டிலும் அதை அடுத்துள்ள டோகோவிலும் வாழும் அசாந்தே, எவே ஆகிய மக்களால் குறுகிய பட்டைகளாக நெய்யப்பட்டு, அப்பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து உருவாக்கப்படும் துணி வகையாகும். அரசர்களின் உடையாகவும், விழாக்கால உடையாகவும், 1957இல் கானா விடுதலை அடைந்த பின்னர் நாட்டின் அடையாளமாகவும் விளங்கிய இத்துணி, 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து ஓவியர்களாலும் சிற்பிகளாலும் வரலாற்றைக் குறிக்கும் உருவகமாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. இவ்வகையில் மிகவும் அறியப்பட்டவர், மதுப் போத்தல் மூடிகளைச் செப்புக் கம்பியால் பிணைத்து மாபெரும் உலோகத் துணிகளை உருவாக்கிய எல் அனட்சுயி ஆவார்.

நெசவை வரலாற்றுக்கு உவமையாகக் கூறும் வழக்கம் பல பண்பாடுகளில் உண்டு. தமிழில் இழையையும் ஏட்டையும் நூல் என்ற ஒரே சொல் குறிக்கிறது. நன்னூலின் பாயிரம், புலவர் நூல் யாப்பதைப் பெண் ஒருத்தி பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிடுகிறது. பனுவலைக் குறிக்கும் ஐரோப்பிய மொழிச் சொற்கள் பலவும் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவையே. எனினும் கென்டேயைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லணி அன்று. இத்துணியின் இழைகளே வணிகம், அடிமை முறை, அரசு, விடுதலை ஆகியவற்றின் ஊடாக வந்தவை. துணி வரலாற்றின் பொருட்சான்றாகவும் இருப்பதனாலேயே தற்காலக் கலைஞர்களின் கையில் இவ்வுருவகம் வலிமை பெறுகிறது.

## பெயர்

கென்டே என்ற சொல்லின் தோற்றம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. அசாந்தே மக்கள் பேசும் அக்கான் மொழியில் கூடையைக் குறிக்கும் கென்டென் என்ற சொல்லிலிருந்து இது வந்ததாக ஒரு சாரார் கூறுவர். எவே மக்களோ, பாவு இழைகளைத் திறத்தல், ஊடையை அழுத்துதல் என்னும் பொருள்படும் கே, தே ஆகிய தங்கள் மொழிச் சொற்கள் இணைந்து உருவானதே இப்பெயர் என்பர். இக்கலையை முதலில் அறிந்தவர் யார் என்பது குறித்து இரு மக்களிடையேயும் நிலவும் போட்டியையே இவ்விரு விளக்கங்களும் காட்டுகின்றன.

## நெசவு முறை

### தறி

கென்டே கிடைத்தறியில் நெய்யப்படுகிறது. நெசவாளர் மரச் சட்டத்தால் ஆன தறியின் உள்ளே அமர்ந்து, விழுதுகளோடு கட்டப்பட்ட கயிறுகளைக் கால் விரல்களால் மாற்றி மாற்றி இழுத்துப் பாவு இழைகளைத் திறந்து மூடுகிறார். பாவு, தறிக்கு முன்னால் பல மீட்டர் தொலைவுக்கு நீட்டப்பட்டு, அதன் முனையில் ஒரு கல் பாரமாக வைக்கப்படும். நெசவு முன்னேற முன்னேற அக்கல் நெசவாளரை நோக்கி மெல்ல இழுபட்டு வரும். மரபாக இது ஆண்களின் தொழிலாக இருந்து வந்தது. அண்மைக் காலத்தில் பெண்களும் நெய்கின்றனர்.

இவ்வாறு நெய்யப்படும் பட்டையின் அகலம் பொதுவாக ஏறத்தாழ 10 செ.மீ அளவே இருக்கும். ஆண்கள் உடுத்தும் பெரிய துணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகள் தேவைப்படும். ஒவ்வொரு பட்டையிலும் பாவின் நிறக் கோடுகள் மேலோங்கித் தெரியும் பகுதிகளும், ஊடை இழைகள் பாவை முழுதும் மறைக்கும் பகுதிகளும் மாறி மாறி வரும். பட்டைகளைத் தைக்கும்போது இப்பகுதிகள் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்து சதுரங்கப் பலகை போன்ற தோற்றத்தைத் தரும். எனவே முழுத் துணியின் தோற்றத்தை நெசவாளர் நெய்யும்போது காண்பதில்லை. பட்டைகள் தைக்கப்பட்ட பின்னரே அது புலப்படும்.

### அசாந்தே, எவே வகைகள்

அசாந்தே நெசவின் புகழ்பெற்ற நடுவம் குமாசி நகருக்கு அருகிலுள்ள போன்வீரே என்ற ஊராகும். பட்டும், பிற்காலத்தில் செயற்கைப் பட்டும், வடிவியல் உருக்களும் அசாந்தே வகையின் சிறப்பு. மூன்று இணை விழுதுகளைக் கொண்டு நெய்யப்படும் அசாசியா என்னும் வகை அசாந்தே அரசருக்கே உரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது.

எவே நெசவு கானாவின் தென்கிழக்கில் கேட்டா கடற்கழியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அக்போசுமே போன்ற சந்தை ஊர்களிலும் செழித்தது. இதில் பருத்தியே மிகுதி. விலங்கு, பறவை, மனிதக் கை, இருக்கை போன்ற உருவங்கள் துணியில் நெய்யப்படும். இரு நிற இழைகளை முறுக்கி ஊடையாகப் பயன்படுத்துவதும் எவே நெசவில் காணப்படும் தன்மையாகும்.

### மரபுக்கதை

அசாந்தே மரபுக்கதை ஒன்றின்படி, போன்வீரேயைச் சேர்ந்த இரு வேடர்கள் காட்டில் அனான்சே என்னும் சிலந்தி வலை பின்னுவதைக் கண்டு நெசவைக் கற்றுக்கொண்டனர். அனான்சே அக்கான் மக்களின் நாட்டார் கதைகளில் வரும் தந்திரசாலியான சிலந்தியாகும். கதைகள் அனைத்தும் அதற்கே உரியவை என்பது நம்பிக்கை. நெசவையும் கதை சொல்லலையும் மனிதர் ஒரே மூலத்திலிருந்து பெற்றனர் என இம்மரபு கருதுகிறது.

## பெயரிடப்பட்ட துணிகள்

கென்டேயின் பாவு அமைப்புக்கும் உருக்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவை பழமொழிகளையோ, அரசர், அரசியர் பெயர்களையோ, நிகழ்வுகளையோ குறிக்கும். பிரித்தானிய மானிடவியலாளர் ஆர். எஸ். ராட்ரே 1927இல் வெளியிட்ட தமது நூலில் இத்தகைய பெயர்கள் பலவற்றைப் பதிவு செய்துள்ளார். எழுத்து வழக்கு பரவாத காலத்தில் துணியின் பெயர் நிகழ்வை நினைவில் வைத்திருக்கும் கருவியாகவும் பயன்பட்டது. சில எடுத்துக்காட்டுகள்:

- ஓயோகோமான் ஓக்யா டா மு: ஓயோகோ குலத்தினரிடையே நெருப்பு உள்ளது என்பது பொருள். அசாந்தே அரசை நிறுவிய ஓசெய் டூட்டு இறந்த பின்னர் அரச குலத்தில் மூண்ட வாரிசுரிமைப் போரை இது குறிக்கிறது.
- அட்வினாசா: உருக்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என்பது பொருள். தாம் அறிந்த எல்லா உருக்களையும் ஒரே துணியில் நெய்ய முயன்ற நெசவாளரின் முயற்சியை இப்பெயர் சுட்டுகிறது.
- சிகா ஃபுட்டுரோ: பொன் துகள். அசாந்தே நாட்டில் பொன் துகள் நாணயமாக வழங்கியதை நினைவுபடுத்துவது.
- ஃபாத்தியா ஃபாட்டா இன்க்ருமா: ஃபாத்தியா இன்க்ருமாவுக்குப் பொருத்தமானவர் என்பது பொருள். கானாவின் முதல் தலைவர் குவாமே இன்க்ருமா, எகிப்தைச் சேர்ந்த ஃபாத்தியாவை 1957 டிசம்பரில் மணந்ததை ஒட்டி வழங்கிய பெயர்.

இவற்றுள் இறுதியாகக் கூறிய துணியின் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கது. 1966 பிப்ரவரி 24 அன்று இராணுவம் இன்க்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதன் பின்னர் அதே துணி, ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை எனப் பொருள்படும் பழமொழியால் அழைக்கப்படலாயிற்று. நெசவில் ஓர் இழையும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. ஒரே வடிவம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வரலாற்றைச் சொல்லக்கூடும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

## வணிகமும் இழையும்

### பிரிக்கப்பட்ட பட்டு

அசாந்தே நாட்டில் பட்டு நூல் உற்பத்தி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த ஓப்போக்கு வாரே என்னும் அரசர், கடற்கரையில் இருந்த ஐரோப்பிய வணிகர்களிடமிருந்து பட்டுத் துணிகளை வாங்கி, அவற்றை இழை இழையாகப் பிரித்து, அந்நூலைக் கொண்டு தம் மக்களின் முறைப்படி மீண்டும் நெய்யச் செய்தார். கோல்டு கோஸ்ட் எனப்பட்ட கடற்கரையில் பணியாற்றிய டென்மார்க்கு வணிகர் ரோமர் 1760இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி காணப்படுகிறது. 1817இல் குமாசிக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவைச் சேர்ந்த தாமஸ் பவுடிச்சும் அயல்நாட்டுப் பட்டுகளைப் பிரித்து நெய்த விலை உயர்ந்த துணிகளை அரசவையில் கண்டதாக எழுதியுள்ளார்.

அவ்வணிகத்தில் துணி, துப்பாக்கி, வெடிமருந்து, மது ஆகியவை ஆப்பிரிக்கக் கரையில் இறக்கப்பட்டன. பொன்னும் தந்தமும் அடிமைகளும் கப்பலேறினர். போரில் சிறைபிடித்தவர்களை விற்றதில் அசாந்தே அரசுக்கும் பங்கு உண்டு. எனவே அரசவைக் கென்டேயின் பட்டு இழை, அடிமை வணிகத்தின் ஊடாகவும் வந்த இழையாகும். கென்டேயை ஆப்பிரிக்கப் பெருமையின் சின்னமாக மட்டும் காண்பது போதாது என்று கூறுவோர் முன்வைக்கும் முதன்மையான சான்று இதுவே.

### சோழமண்டலக் கரைத் துணிகள்

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட துணிகளில் இந்தியப் பருத்தித் துணிகள் பெரும் பங்கு வகித்தன. அவற்றுள் சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டவையும் அடங்கும். டேனியர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் குடியேற்றம் வைத்திருந்தனர். அதே காலப் பகுதியில் கோல்டு கோஸ்ட்டிலும் அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. அவற்றை 1850இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். தரங்கம்பாடியிலிருந்து கோபனேகன் சென்ற துணிகளில் ஒரு பகுதி, அங்கிருந்து கோல்டு கோஸ்ட் வணிகத்துக்காக மறு ஏற்றுமதி செய்யப்பட்டது. எவே நாட்டின் கேட்டா ஊரில் 1784இல் டேனியர் கட்டிய பிரின்சென்ஸ்டென் கோட்டையின் எச்சங்கள் இன்றும் உள்ளன.

புதுச்சேரியிலிருந்து சென்ற கினே என்னும் நீலத் துணி செனகல் ஆற்றுப் பகுதியில் பணம் போலவே வழங்கியது. மதராஸ் கைக்குட்டை எனப்பட்ட சாயமிட்ட நூலில் நெய்த கட்டத் துணி, நைஜீரியாவின் நைஜர் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்களிடம் இஞ்சிரி என்ற பெயரில் அவர்களது சடங்குத் துணியாகவே ஆகிவிட்டது. கலபாரிப் பெண்கள் இத்துணியில் சில இழைகளைக் கூரிய அலகால் வெட்டி உருவி எடுத்துப் புதிய உருக்களை உண்டாக்குகின்றனர். வெட்டிய இழைத் துணி எனப் பொருள்படும் பெலெட்டே பிட்டே என இது அழைக்கப்படுகிறது. அயல்நாட்டுத் துணியைப் பிரித்து மீண்டும் நெய்வது அசாந்தே முறை எனில், நெய்த துணியிலிருந்து இழையை நீக்கித் தமதாக்குவது கலபாரி முறை எனலாம். கலபாரி நாட்டில் 1958இல் பிறந்த சிற்பி சொக்காரி டக்ளஸ் கேம்ப், இம்மக்களின் உடைகளையும் சடங்குகளையும் எஃகில் வடித்து வருகிறார்.

## எல் அனட்சுயி

### வாழ்க்கை

எல் அனட்சுயி 1944இல் கேட்டா கடற்கழியை ஒட்டிய அன்யாக்கோ என்ற எவே ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையும் உடன்பிறந்தோரும் கென்டே நெய்தவர்கள். ஆனால் அவர் நெசவு கற்கவில்லை. தாய் மறைந்ததால், கிறித்தவப் போதகராக இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். குமாசியில் இருந்த கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்றார். அங்கு ஐரோப்பிய முறையிலான பாடங்களே பெரிதும் கற்பிக்கப்பட்டமையால், உள்ளூர்க் கலை மரபுகளைத் தாமாகவே தேடிக் கற்றார். 1975 முதல் நைஜீரியாவின் நுசுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து 2011இல் ஓய்வு பெற்றார்.

### தொடக்கப் படைப்புகள்

1970களில் சந்தையில் பொருள் பரப்பப் பயன்படும் மரத் தட்டுகளில் சூட்டுக்கோலால் அடிங்ரா குறிகளைப் பொறித்தார். அதன் பின்னர் உடைந்த பானைகளைக் கொண்டு சுடுமண் படைப்புகளைச் செய்தார். 1980களில் மரப் பலகைகளை அடுத்தடுத்து நிறுத்தி, சங்கிலி வாளால் கீறி, தீயால் கருக்கி உருவாக்கிய சுவர்ச் சிற்பங்கள் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. குறுகிய பலகைகளின் வரிசை கென்டேப் பட்டைகளை நினைவூட்டியது. சங்கிலி வாள் விட்டுச் செல்லும் கரடுமுரடான கீறலை, ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டதற்கான குறியீடாக அவர் விளக்கினார். 1996இல் டென்மார்க்கில், கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளைக் கொண்டு *அக்குவாவின் எஞ்சிய பிள்ளைகள்* என்ற படைப்பை உருவாக்கினார். இது டேனியரின் அடிமை வணிகத்தை நினைவுகூர்வது.

### போத்தல் மூடிகள்

1998இல் நுசுக்காவுக்கு அருகே, மதுப் போத்தல்களின் அலுமினிய மூடிகள் நிறைந்த ஒரு பை அவருக்குக் கிடைத்தது. சிறிது காலம் அதைத் தம் பணிமனையிலேயே வைத்திருந்து, பின்னர் அவற்றைப் பிணைக்கத் தொடங்கினார். மூடிகளும் அவற்றின் கழுத்து வளையங்களும் தட்டையாக்கப்பட்டும், மடிக்கப்பட்டும், முறுக்கப்பட்டும், வட்டமாக வெட்டப்பட்டும் சிறு அலகுகளாக மாற்றப்படுகின்றன. ஓரங்களில் துளையிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் இவை ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன. பணிமனை உதவியாளர்கள் பலர் தனித்தனிப் பகுதிகளைச் செய்வர்; அனட்சுயி அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி, நிழற்படம் எடுத்துப் பார்த்து, இறுதி அமைப்பை முடிவு செய்வார். பட்டைகளைத் தனித்தனியே நெய்து பின் தைக்கும் கென்டே முறையோடு இதற்கு உள்ள ஒப்புமை தெளிவானது.

பொன், சிவப்பு, கறுப்பு, வெள்ளி ஆகிய நிறங்கள் மூடிகளில் முன்பே இருந்தவை, சாயம் பூசப்படுவதில்லை. மூடிகளில் அச்சிட்ட மது வகைகளின் பெயர்களும் அவ்வாறே விடப்படுகின்றன. நைஜீரியாவும் கமரூனும் உரிமை கோரிய தீபகற்பத்தின் பெயரான பக்காசி, மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப் படையின் பெயரான எகோமாக் போன்றவை மதுப் பெயர்களாக மூடிகளில் இடம்பெற்றன. அண்மைக்கால அரசியலும் இவ்வாறு துணியில் பதிந்துவிடுகிறது.

மது இங்கே தற்செயலான பொருள் அன்று. அட்லாண்டிக் வணிகத்தில் ஐரோப்பிய மதுவும், அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் உருவான ரம்மும் ஆப்பிரிக்காவுக்கு வந்து மேலும் அடிமைகளை வாங்கப் பயன்பட்டன. மூன்று கண்டங்களையும் இணைத்த பொருள் என்ற முறையிலேயே மூடிகளைத் தாம் தேர்ந்ததாக அனட்சுயி விளக்கியுள்ளார். குடித்த பின் எறியப்பட்ட மூடி, அதைத் தொட்ட கைகளின் தடத்தைச் சுமப்பது என்பதும் அவரது கருத்து.

### நிலையில்லா வடிவம்

உலோகத்தால் ஆனவை எனினும் இப்படைப்புகள் துணி போல மடியக்கூடியவை. மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பப்படுகின்றன. எவ்வாறு தொங்கவிட வேண்டும் என்ற விதி பெரும்பாலும் கூறப்படுவதில்லை. காட்சியகப் பணியாளர்களே மடிப்புகளை முடிவு செய்வதால், ஒரே படைப்பு ஒவ்வொரு முறையும் வேறு தோற்றம் பெறுகிறது. சிற்பம் என்பது மாறாத வடிவம் என்னும் எண்ணத்தை இது மறுக்கிறது. வரலாறும் அவ்வாறே ஒவ்வொரு தலைமுறையாலும் புதிதாக மடிக்கப்படுவது என உரையாளர்கள் பொருள் கொள்கின்றனர்.

### முக்கிய காட்சிகள்

2002இல் லண்டன் அக்டோபர் கேலரியில் உலோகத் துணிகள் காட்சிக்கு வந்தன. *ஆணின் துணி*, *பெண்ணின் துணி* ஆகிய இரண்டையும் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. 2007ஆம் ஆண்டு, ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் வெனிசு பினாலே காலத்தில், துணி வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சூனியின் இல்லமாக இருந்த மாளிகையின் முகப்பை அவரது படைப்பு மூடியது. 2013இல் லண்டன் அரச கலைக்கழகத்தின் முகப்பும் அவ்வாறே மூடப்பட்டது. 2015இல் வெனிசு பினாலே வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்க விருதை அவருக்கு வழங்கியது. 2019இல் ஒக்வுயி என்வெசோர், சிக்கா ஒக்கெக்கே-அகுலு ஆகியோரின் பொறுப்பில் மியூனிக் நகரில் அவரது பெருங்காட்சி நடைபெற்றது. அது தொடங்கிய சில நாட்களில் என்வெசோர் காலமானார்.

2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை லண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் *சிவப்பு நிலவின் பின்னால்* என்ற படைப்பு வைக்கப்பட்டது. அதன் முதல் பகுதி காற்றில் புடைத்த கப்பல் பாய் போல் அமைந்தது. இரண்டாம் பகுதியில் தனித்தனியே தொங்கிய மனித உருவங்கள், ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து நோக்கும்போது உலக உருண்டையாக ஒன்றிணைந்தன. மூன்றாம் பகுதி தரை வரை இறங்கிய கரிய சுவர். டேட் காட்சியகத்தை நிறுவிய ஹென்றி டேட் சர்க்கரைத் தொழிலில் பொருளீட்டியவர். அவர் அடிமைகளை வைத்திருக்கவில்லை; எனினும் அத்தொழில் அடிமை உழைப்பின் மீது எழுந்தது. மதுவும் சர்க்கரையும் ஒரே கரும்பிலிருந்து வந்தவை என்பதால் அவ்விடம் படைப்பின் பொருளோடு இயைந்தது.

## பிற கலைஞர்கள்

அட்டா குவாமி (1956–2021): கானா ஓவியரும் கலை வரலாற்றாளரும் ஆவார். கென்டேப் பட்டைகளின் நிற ஒழுங்கையும், குமாசித் தெருக்கடைகளின் பலகைகளையும் அருவ ஓவியமாக்கினார். அவரது ஓவியங்களில் கட்டங்கள் ஒன்றோடொன்று முழுதும் பொருந்துவதில்லை; கையால் தைத்த பட்டைகளில் காணும் சிறு விலகலை அவை நினைவூட்டுகின்றன.

இப்ராகிம் மகாமா (பிறப்பு 1987): வடகானாவின் தமாலே நகரைச் சேர்ந்தவர். ஆசியாவில் நெய்யப்பட்டு, கானாவில் கொக்கோ மூட்டைகளாகவும் பின்னர் கரி மூட்டைகளாகவும் பயன்பட்ட சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களை மூடி வருகிறார். சாக்கில் உள்ள கிழிசலும், ஒட்டும், எழுதிய பெயர்களும் உழைப்பின் பதிவுகளாகக் கொள்ளப்படுகின்றன. 2015 வெனிசு பினாலேயில் இவ்வகைப் படைப்பு இடம்பெற்றது. 2024இல் லண்டன் பார்பிகன் மையத்தின் வெளிச்சுவரை ஏறத்தாழ 2000 சதுர மீட்டர் அளவுள்ள கைத்தறித் துணியால் மூடினார். அதன் மீது வடகானாவின் பட்டாக்காரி என்னும் பழைய அங்கிகள் தைக்கப்பட்டிருந்தன. இவ்வங்கிகளும் குறுகிய பட்டைகளைத் தைத்துச் செய்யப்படுபவையே.

சோனியா கிளார்க் (பிறப்பு 1967): ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர். 2015இல் தொடங்கிய *பிரித்தல்* என்ற நிகழ்த்துகையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் போர்க்கொடியைப் பார்வையாளர்களுடன் சேர்ந்து இழை இழையாகப் பிரித்தார். மணிக்கணக்கில் உழைத்தும் கொடியின் சிறு பகுதியையே பிரிக்க முடிந்தது. 2019இல், தென்மாநிலப் படை 1865இல் சரணடைந்தபோது வெள்ளைக் கொடியாகப் பயன்பட்ட சாதாரணத் துண்டை மிகப் பெரிய அளவில் மீண்டும் நெய்து காட்சிக்கு வைத்தார். எல்லோரும் அறிந்த கொடி போரின் கொடியே, அமைதியின் கொடி அன்று என்பதை இப்படைப்பு சுட்டியது.

## உருவகத்தின் கூறுகள்

கென்டேயை வரலாற்றின் உருவகமாகக் கொள்ளும் படைப்புகளில் பின்வரும் கூறுகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

1. பட்டையும் முழுமையும்: தனித்தனியே நெய்த பட்டைகள் சேர்ந்தே துணியாகின்றன. ஒவ்வொருவரும் தம் பட்டையை மட்டுமே காண்கின்றனர். முழு உருவம் பிறகே தெரிகிறது.
2. பிரித்தலும் மீண்டும் நெய்தலும்: அயலார் பொருளைப் பிரித்துத் தமதாக்கும் செயல். அடிமைப்படுத்தப்பட்டோரும் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டோரும் வெறும் வாங்குவோராக மட்டும் இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.
3. பொருளின் பழைய வாழ்வு: மூடி, சாக்கு, அங்கி ஆகியவை முன்பு பயன்பட்டவை. அவற்றின் பயணமே படைப்பின் பொருளாகிறது.
4. பெயர்: துணிக்குப் பெயர் இடும் மரபு, படைப்புகளுக்குத் தலைப்பிடும் முறையிலும் தொடர்கிறது.
5. கூட்டு உழைப்பு: தனி மேதை என்ற எண்ணத்துக்கு மாறாகப் பல கைகள் சேர்ந்து செய்வது.

## கருத்து வேறுபாடுகள்

அனட்சுயியின் படைப்புகளைக் கென்டேயின் வழித்தோன்றலாக மட்டும் காண்பது சரியன்று எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர் தம்மைச் சிற்பியாகவே அறிமுகப்படுத்துகிறார். நெசவில் பாவும் ஊடையும் உண்டு. கம்பியால் கட்டிய மூடிகளில் அவை இல்லை. ஆப்பிரிக்கக் கலைஞரின் படைப்பை உடனே அவர் பிறந்த இனத்தின் கைவினையோடு இணைத்துவிடும் மேலைநாட்டு வழக்கம், ஐரோப்பியக் கலைஞர்களுக்குப் பொருத்தப்படுவதில்லை என்பது அவர்களது வாதம். மறுபுறம், துணி ஆப்பிரிக்கச் சமூகங்களில் நினைவுச்சின்னத்தின் பணியைச் செய்வது என்ற கருத்தை அனட்சுயியே எடுத்தாண்டுள்ளார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கென்டேயைச் சின்னமாக அணிவதும் விவாதத்துக்கு உள்ளானது. 2020 ஜூனில், காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிலாய்டுக்காக அமெரிக்க நாடாளுமன்றச் சனநாயகக் கட்சியினர் கென்டேத் துண்டு அணிந்து மண்டியிட்டபோது, அது வெறும் காட்சி எனப் பலர் கண்டித்தனர். அடிமை வணிகத்தில் ஈடுபட்ட ஓர் அரசின் துணியை அடிமைகளின் வழிவந்தோருக்கான சின்னமாகக் கொள்ளலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. கறுப்பின மக்களே பல பத்தாண்டுகளாகப் பட்டமளிப்பு விழாக்களிலும் தேவாலயங்களிலும் இத்துணியை விரும்பி அணிந்து, அதற்குப் புதிய பொருள் தந்துள்ளனர் என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழி.

நெசவாளர்களின் நிலை மூன்றாவது சிக்கலாகும். ஆலைகளில் அச்சிடப்படும் மலிவான போலிக் கென்டே, கைத்தறித் துணியின் சந்தையைக் குறைத்துள்ளது. கானாவின் 2005ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நாட்டார் கலை வடிவங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும் நாட்டுக்கு வெளியே அச்சிடுவோரை அதனால் தடுக்க இயலவில்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்டே நெசவுக் கலையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கென்டேயை நினைவூட்டும் கலைப் படைப்புகள் பெரும் விலைக்கு விற்கப்படும் அதே காலத்தில், தறியில் அமர்ந்திருப்பவரின் வருவாய் உறுதியற்றதாக இருப்பது, இவ்வுருவகத்தைப் பற்றிய எந்த ஆய்வும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

- கானா
- அசாந்தே பேரரசு
- அட்லாண்டிக் அடிமை வணிகம்
- தரங்கம்பாடி
- கைத்தறி
- நிறுவல் கலை